காபி சாப்பாட்டில் சேராது

கீழ்க்கட்டளையில் ஒரு தெருவில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக நான் கண்டுபிடித்தேன். அதற்கு எனக்கு நான்கு காலைகள் ஆயின. அது தப்பு என்று கண்டுபிடிக்க மாளவிகா மேடத்துக்கு நான்கு நிமிடம் ஆயிற்று.

மேடம் எங்கள் சர்வேயின் சூப்பர்வைசர். ஆபீஸ் தாம்பரம் மேற்கில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் இருந்தது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள புறநகரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று மதிப்பிடுவதுதான் வேலை. லட்சக்கணக்கான பேரைக் குத்திப் பார்க்க முடியாது. அதனால் குலுக்கலில் அறுபது தெரு, தெருவுக்கு நாற்பது வீடு, வீட்டுக்கு ஒரு ஆள். அந்த ஒரு ஆளை நாங்களும் தேர்ந்தெடுக்கக் கூடாது, வீட்டுக்காரர்களும் தேர்ந்தெடுக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் பெயரையெல்லாம் போட்டால் கையிலிருக்கும் டேப், அதாவது டேப்லெட் கம்ப்யூட்டர், ஒரு பெயரைச் சொல்லும். அவர் காலையில் வெறும் வயிற்றோடு விரலை நீட்ட வேண்டும். மீட்டரில் நூற்றிருபத்தாறோ அதற்கு மேலோ வந்தால் சர்க்கரை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மீட்டர் என்ன சொன்னாலும் சர்க்கரை.

"நாற்பதுல இருபத்தாறு," என்றார் மேடம். "இவர் யாரு, ஜோஷ்வா, இருபத்தி நாலு வயசு, நூத்தி முப்பத்தொம்பது?"

"ஜிம்ல ட்ரெய்னர் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தினகரன், உங்க டேட்டா சரியில்ல. எங்க சரியில்லைன்னு எனக்குத் தெரியாது, நீங்கதான் கண்டுபிடிக்கணும். அதே நாற்பது பேரை அடுத்த வாரம் திரும்ப எடுங்க. மறுபடி நம்ப முடியாத நம்பர் வந்தா இந்தத் தெருவைத் தூக்கிடுவேன். உங்களையும்."

போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க என்று சொல்வதுபோல்தான் சொன்னார். சாத்திவிட்டுப் போனேன்.

எனக்கு அந்த வேலை வேண்டும். சர்வே மேல் பாசம் எதுவும் கிடையாது. நான் சிட்லப்பாக்கத்தில் அக்கா மிருதுளா வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டிருக்கிறேன். அக்காவின் புருஷன் ஜீவானந்தம் மாமா மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவர் லைனில் எனக்கென்றே ஒரு இடம் வைத்திருக்கிறார். நைட் ஷிப்ட். தினமும் அதைச் சொல்வார், ஓட்டலில் நமக்கென்று நாற்காலி பிடித்து வைத்திருப்பவர்போல.

திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் நான் மூன்று வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவன். ஒருநாள் காலை வேலை முடிந்து வந்து தட்டில் இரண்டு தோசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இது காலை டிபனா, ராத்திரிச் சாப்பாடா என்று யோசித்தேன். அரை மணி நேரம் யோசித்தும் தெரியவில்லை. மறுநாள் போகவில்லை. ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் இதைச் சொன்னால், தோசைக்காகவா விட்டாய் என்பார்கள். ஆமாம், தோசைக்காகத்தான். சர்வே வேலை போனால் மறுபடி அந்தத் தட்டுக்கு முன்னால்தான் உட்கார வேண்டும்.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்தவள் ஜாஸ்மின். எங்கள் டீமில் இரண்டே பேர். கேள்வி கேட்பது நான், ஊசி குத்துவது அவள். பம்மல்காரி, நர்சிங் படித்தவள். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டாள். மறுநாள் காலை ஆறேகாலுக்கு இருவரும் முதலில் ஜோஷ்வா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தது அவன் அம்மா செல்லம்மா. இவருக்கு எங்கள் மேல் பழைய கோபம் ஒன்று உண்டு. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை இருப்பது இவருக்கு. டேப் சொன்னதோ மகன் பெயரை.

"இப்பயாவது எனக்குப் பாப்பீங்களா?" என்றார்.

"இல்லக்கா, ஜோஷ்வாவுக்குத்தான்."

"அவனுக்கு இன்னாத்துக்கு? அவன் கல்லு மாதிரி கீறான். நோவு எனக்கு, டெஸ்ட்டு அவனுக்கா? இன்னா கவர்மெண்ட்டோ."

"இது கவர்மெண்ட் இல்லக்கா. காலையில அவர் எதாவது சாப்ட்டாரா?"

"பச்சத்தண்ணி பல்லுல படல."

அவர் அதைச் சொல்லும்போது ஜோஷ்வா பின்னாலிருந்து வந்தான். கையில் டம்ளர் இருந்தது. ஜாஸ்மின் டம்ளரைப் பார்த்தாள். பிறகு செல்லம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, அது என்ன?"

"காபி."

"ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னீங்க."

"சாப்பிடலையே. காபிதான குடிச்சான்."

"பிஸ்கட்?"

"காபியில முக்கித்தான் துன்னான். தனியா துன்னல."

ஜாஸ்மின் என்னைப் பார்த்தாள். நான் டேப்பைப் பார்த்தேன். அதில் கேள்வி தெளிவாக இருந்தது: காலையில் ஏதேனும் உட்கொண்டீர்களா? அதை நான் எல்லா வீட்டிலும் 'சாப்ட்டீங்களா' என்று கேட்டிருந்தேன். நாற்பது வீட்டிலும் இல்லை என்று உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள்.

அன்று ஒன்பது மணிக்குள் பதினெட்டு வீட்டில் விசாரித்தோம். ஒரு வீட்டில் காபி, ஒரு வீட்டில் டீ, ஒரு வீட்டில் ஹார்லிக்ஸ். ஏசுபாதம் என்ற ரிட்டையர்டு டிராயிங் மாஸ்டர், வெறும் வயிற்றில் குடித்தால்தான் உடம்பில் பிடிக்கும் என்பதால் வெல்லம் போட்ட ராகிக் கஞ்சியை வெறும் வயிற்றில் குடித்ததாகச் சொன்னார். இன்னொருவர் இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தார். ஆனால் வீட்டில் சாப்பிடவில்லை, கடையில் சாப்பிட்டார், அதனால் வீட்டுக்காரிக்குத் தெரியாது, அதனால் அது கணக்கில் வராது. யாரிடமும் நான் கோபப்பட முடியவில்லை. அன்று காலை வழியில் நானே டீயும் பன்னும் முடித்திருந்தேன். அப்போது அக்கா போனில் கேட்டாள். ஒன்றும் சாப்பிடவில்லை என்றுதான் சொன்னேன்.

சரி, தப்பு தெரிந்துவிட்டது. நாற்பது வீட்டுக்கும் போய்ச் சொன்னோம்: அடுத்த புதன்கிழமை காலை வருவோம். முதல்நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். காபி கூடாது, டீ கூடாது, முக்கியும் கூடாது, கடையிலும் கூடாது.

இரண்டாவது தப்பு அங்கேதான் நடந்தது. நான் தேதியைச் சொல்லிவிட்டேன். தேதி சொல்லி வைக்கும் டெஸ்ட்டுக்கு எங்கள் பக்கத்தில் பரீட்சை என்று பெயர். பரீட்சை என்றால் படித்துவிட்டு வருவார்கள்.

படிக்க வைத்தவர் சம்பந்தம். தெருச் சங்கத்தின் செயலாளர், அறுபத்திரண்டு வயது. அந்தத் தெருவே ஒருகாலத்தில் அவர் அப்பாவின் வயல். மூன்று மாடி வீடு, கீழே இரண்டு கடை, அதில் ஒன்று பால் கடை. தினமும் காலை ஏரிக்கரையில் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு நடப்பார். நடக்கும்போது வெந்தயத்தைப் பற்றிப் பேசுவார். எனக்கு இந்த வயசுல சுகர் இல்ல, பிரஷர் இல்ல, எதனால? என்று கேட்டு அவரே பதிலும் சொல்வார். டேப் அவர் வீட்டில் அவர் பெயரையே சொல்லியிருந்தது. தனக்கு ஒரு வியாதியும் இல்லை, மாத்திரை என்றால் என்ன நிறம் என்றே தெரியாது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். முதல் தடவை அவருக்கு நூற்றெண்பத்திரண்டு வந்தது. அதற்கு மீட்டர்தான் காரணம் என்றார்.

இருபத்தாறு என்ற எண்ணிக்கை எப்படியோ வெளியே போயிருந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் தண்ணீர் லாரி வரும்போது எங்கள் நாற்பது பேர் இருந்த தெருவைச் சர்க்கரைத் தெரு என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். சம்பந்தம் வாட்ஸாப்பில் போட்டார்: 'நண்பர்களே, வரும் புதன் காலை நமக்கு மறுதேர்வு. தெருவின் மானம் உங்கள் விரலில்.'

அந்த ஒரு வாரம் கீழ்க்கட்டளை காய்கறிக் கடைகளில் பாகற்காய் கிடைக்கவில்லை. ஏரிக்கரையில் முப்பது பேர் நடந்த இடத்தில் எழுபது பேர் நடந்தார்கள், இரண்டு வேளை. திங்கட்கிழமையிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார்கள். சாப்பிடாதவர்கள் சாப்பிடுகிறவர்களிடம் கைமாற்று வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இது எங்களுக்குப் புதன்கிழமைதான் தெரிந்தது. ஜாஸ்மின் அன்று வீடு வீடாகத் திட்டினாள். ஊசி குத்தும் நேரத்தைவிடத் திட்டிய நேரம் அதிகம்.

"அடுத்தவங்க மாத்திரையைப் போட்டா மயக்கம் போட்டு விழுவீங்க. தெரியுமா தெரியாதா?"

"பாஸா ஃபெயிலா, அத மட்டும் சொல்லும்மா," என்றார் ஒருவர்.

சம்பந்தம் கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். விரலை நீட்டும்போது கை நடுங்கியது. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை. மார்கழிக் காலை ஆறரை மணிக்கு யாருக்கும் அப்படி வியர்க்காது. மீட்டர் ஐம்பத்தெட்டு என்றது.

ஜாஸ்மின் உடனே எழுந்து உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவோடு வந்தாள். பின்னாலேயே அவர் மனைவி கங்கையம்மாள் ஓடிவந்தார். ஜாஸ்மின் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கி அவர் வாயில் வைத்துக் குடிக்க வைத்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"எவ்ளோ வந்துச்சு?" என்றார் சம்பந்தம், வாயைத் துடைத்துக்கொண்டே.

"ஐம்பத்தெட்டு."

"அப்போ நான்தான் ஃபர்ஸ்ட்டா?"

திரும்பி வரும்போது ஜாஸ்மின் ஸ்கூட்டரை ஓட்டியபடியே சொன்னாள். "ரெண்டு வேளை சாப்பிடாம இருந்தா ஐம்பத்தெட்டு வராது. அந்த ஆள் மாத்திரை போடுறார். ரொம்ப நாளா. நேத்து டபுள் போட்டிருக்கார்."

அன்று மத்தியானம் மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருபத்தாறு, ஐந்தாகியிருந்தது. அந்த ஐந்தில் நாலு பேர் மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே ஒப்புக்கொண்டவர்கள். ஐந்தாமவர் ஒரு வாரமாகத் திண்டிவனத்தில் கல்யாண வீட்டில் இருந்துவிட்டு அன்று காலைதான் வந்து இறங்கியவர். அவருக்குப் பரீட்சை விஷயமே தெரியாது.

"வாழ்த்துகள்," என்றார் மேடம். "ஒரே வாரத்துல ஒரு தெருவையே குணப்படுத்திட்டீங்க."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார்.

"மூணு மாச சராசரியைக் காட்டுற டெஸ்ட் இருக்கு. அதுல யாரும் ஒரு வாரத்துல ஏமாத்த முடியாது. ஆனா நம்ம சர்வேயில அது கிடையாது. விரல்தான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள எனக்கு ஒரு நம்பர் வேணும், நான் நம்புற மாதிரி. அதுதான் கடைசி."

அன்று சாயங்காலம் மாமா, தன் லைனில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்றார்.

வியாழக்கிழமை காலை சம்பந்தம் போன் செய்து ஏரிக்கரைக்கு வரச் சொன்னார். முப்பது பேரையும் முன்னால் நடக்கவிட்டுவிட்டு என்னோடு பின்தங்கி நடந்தார்.

"அந்தப் பொண்ணு கண்டுபுடிச்சிடுச்சு, இல்ல?"

"எதை சார்?"

"இன்னாப்பா தெரியாத மாதிரி கேக்குற. மாத்திரைய. நாலு வருசமா பல்லாவரம் போய் வாங்கிகினு வரேன், இங்க எவனுக்கும் தெரியக் கூடாதுன்னு. எங்க வூட்டுக்காரிக்கே தெரியாது. இந்த முப்பது பேரும் என் பின்னால ஏன் நடக்குறான்? எனக்கு சுகர் இல்லன்னு நடக்குறான். நீ யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்லக் கூடாதுன்னு ரூல் இருக்கு சார். பேரே வெளிய போகாது."

"ரூல எவன் மதிக்கிறான். உனக்கு இன்னா வேணும், அத சொல்லு."

ரூல் என்றால் ரூல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பால் கடை ஞாபகம் வந்தது.

"பால் லேட்டா வரணும் சார்," என்றேன்.

அவர் நின்றுவிட்டார். நான் விளக்கினேன். நாளைக் காலை அந்தத் தெரு எழுந்திருக்கும்போது பால் இருக்கக் கூடாது. பால் இல்லையென்றால் காபி இல்லை. டெஸ்ட் நாளைக்குத்தான் என்று யாருக்கும் தெரியவும் கூடாது. தெரிந்தால் படித்துவிடுவார்கள். இன்று ராத்திரி எல்லோரும் எப்போதும்போலச் சாப்பிட வேண்டும், மாத்திரையை எப்போதும்போலப் போட வேண்டும்.

"பால் போடுற முகிலன் நம்ம கடையிலதான் வாடகைக்குக் கீறான்," என்றார் சம்பந்தம் மெதுவாக. "இந்தப் பக்கம் மூணு கடைக்கும் அவன் வண்டிதான்."

"தெரியும் சார்."

"ரெண்டு மணி நேரம் போதுமா?"

"போதும்."

கொஞ்ச தூரம் நடந்தோம். "எனக்கும் பாப்பியா?" என்றார்.

"நீங்க இல்லாம முடியாது சார். உங்களுக்குப் பதிலா வேற ஆள் போட முடியாது. இந்தத் தெருவுல ஒருத்தர்னா வெளிய நூத்துக்கணக்கான பேருக்குச் சமம்."

"எத்தினி நூறு?"

மனக்கணக்குப் போட்டேன். "நானூறு இருக்கும்."

"நானூறு பேருக்கு நானா," என்றார் அவர். வார்டு கவுன்சிலர் தேர்தலில் அவருக்கு விழுந்தது அதில் கால்வாசி. அதன் பிறகு கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

அன்று மாலை வாட்ஸாப்பில் போட்டார்: 'ஞாயிறு காலை இறுதித் தேர்வு. வெள்ளி இரவிலிருந்து தயாராகவும். அதுவரை உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் நன்றாகச் சாப்பிடவும்.' எழுபது கட்டைவிரல்கள் வந்தன.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு நானும் ஜாஸ்மினும் தெரு முனையில் நின்றோம். அந்தத் தெருவில் ஐந்து மணிக்கெல்லாம் ஒவ்வொரு கேட்டிலும் மாட்டியிருக்கும் பையில் பால் பாக்கெட் விழுந்துவிடும். அன்று பைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு கதவு திறந்தது. ஒரு கை பைக்குள் போய் வெறுமனே வெளியே வந்தது. இன்னொரு கதவு. பிறகு இன்னொன்று. ஐந்தேமுக்காலுக்கு நைட்டியும் லுங்கியுமாக அந்தத் தெருவே வெளியே நின்றது. முகிலன் போன் ஸ்விட்ச் ஆஃப். அவன் மேடவாக்கம் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, எனக்குக் கிடைக்காத டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

பால் இல்லாத காபி என்று ஒன்று இருப்பது அந்தத் தெருவுக்குத் தெரியும். அது எழவு வீட்டில் குடிப்பது. யாரும் அதை யோசிக்கவில்லை.

"இன்னிக்கே எடுத்துடலாம்னு வந்தோம்," என்று ஆரம்பித்தேன். "எதாவது குடிச்சீங்களா? காபி, டீ, கஞ்சி, முக்கி, முக்காம?"

"எங்கப்பா குடிக்கிறது. அந்தப் பாவி முகிலன் எங்க போய்த் தொலைஞ்சான்னே தெரியல," என்றார் செல்லம்மா.

ஜாஸ்மின் ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் குத்தினாள். இப்ப எடுத்துக்கலாமா, வேணாம்னா வேணாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காபி குடிக்காத மனிதன் விரலைக் கேட்டால் கவனிக்காமல் கொடுத்துவிடுகிறான், பார்வை தெருமுனையிலேயே இருக்கிறது. ஜோஷ்வாவுக்கு எண்பத்தெட்டு. ஏசுபாதத்துக்குத் தொண்ணூற்றாறு. சம்பந்தத்துக்கு நூற்றெழுபத்தொன்று. அவர் மீட்டரை ஒரு கணம் பார்த்துவிட்டு, அந்த நானூறு பேர் சார்பாகத் தலையை ஆட்டினார்.

இருபத்திரண்டு பேர் முடிந்திருந்தபோது கங்கையம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு. பின்னால் வேலைக்காரப் பெண் தட்டில் இருபது டம்ளரோடு வந்தாள். தூக்கிலிருந்து ஆவி பறந்தது.

"செக்ரட்டரி வூட்டு வாசல்ல தெருவே காபி இல்லாம நிக்குது, பாத்துகினு இருந்தா நல்லாவா கீது," என்றார் கங்கையம்மாள். "ஃபிரிட்ஜில நேத்து பால் ரெண்டு லிட்டர் இருந்துச்சு. வாங்க எல்லாரும்."

இன்னும் பதினெட்டு விரல்கள் பாக்கி. பதினெட்டுப் பேரும் தூக்கை நோக்கித் திரும்பினார்கள். எனக்கு மறைமலை நகர் தெரிந்தது. நடுவில் ஒரு தட்டும் இரண்டு தோசையும் தெரிந்தன.

நான் சம்பந்தத்தைப் பார்த்தேன். குடிக்காதே, டெஸ்ட் என்று அவர் சொன்னால், அதை ஞாயிற்றுக்கிழமையே எடுத்துக்கொள்ளலாமே என்று டம்ளரை எடுத்துவிடுவார்கள். அவர் விடாமல் தடுத்தால், பாலை நிறுத்தியது யார் என்ற கேள்வி வரும். அவர் நடந்துபோய் முதல் டம்ளரை எடுத்து, ஒரு வாய் வைத்து, கீழே துப்பினார்.

"பால் கெட்டுப்போச்சு," என்றார். "யாரும் குடிக்காதீங்க."

கங்கையம்மாள் தூக்கைத் தரையில் வைத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இன்னாயா சொன்ன?"

"திரிஞ்சி கீது. நாத்தம் அடிக்குது."

"எம் பாலா? முப்பத்தாறு வருசமா எவன் வூட்டுப் பாலக் குடிச்ச நீ? யக்கா செல்லம்மா, மோந்து பாரு. நீ சொல்லு."

செல்லம்மா மோந்து பார்த்தார். நல்லாத்தான் கீது என்று முனகினார். ஆனால் சங்கத்துச் செயலாளர் துப்பிய காபியைக் குடிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒவ்வொருவராக வந்து மோந்து பார்த்தார்கள். மோந்துவிட்டுத் திரும்பியவர்களை ஜாஸ்மின் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. அந்தப் பக்கம் சண்டை வளர்ந்துகொண்டே போனது. சம்பந்தம் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருகட்டத்தில் பாத்திரம் சரியாகக் கழுவவில்லை என்று வேறு சொன்னார். அது அவசியமே இல்லை, பால் கெட்டது மட்டும் போதுமானதாக இருந்தது.

"பாத்திரம் கழுவத் தெரியாதவளா நானு?" என்றார் கங்கையம்மாள். "நாலு வருசமா சுகர் மாத்திரைய வாக்கிங் ஷூவுக்குள்ள ஒளிச்சி வெச்சி முழுங்குற ஆளு, நீ எனக்குச் சுத்தம் சொல்றியா? ஷூவுக்குள்ளயா."

முப்பத்தெட்டாவது விரலில் ஜாஸ்மின் ஊசியோடு நின்றுவிட்டாள்.

ஏரிக்கரையில் அவர் பின்னால் நடக்கும் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். சம்பந்தம் தன் காலைப் பார்த்தார். ஷூவைத்தான் போட்டிருந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"மொத மாசமே தெரியும். அன்னியிலருந்து உன் காபில அரை ஸ்பூன்தான் போடுறேன். நீ கண்டியா?"

அவர் காணவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வாக்கிங் கூட்டத்தில் ஒருவர், எல்.ஐ.சி.யில் இருந்தவர், மெதுவாக என் பக்கம் வந்தார். "தம்பி, எனக்கு ஒரு கேள்வி கேட்டீங்களே, மாத்திரை பத்தி. அத ஆமான்னு மாத்திக்க முடியுமா?" அவருக்கு மீட்டரில் நூற்றுப்பதினெட்டுதான் வந்திருந்தது. மாற்றிக்கொண்டேன். அவரைப் பார்த்து இன்னொரு ஆள். அப்புறம் ஒரு அம்மா, புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று. வெந்தயத்தை மட்டும் நம்பியிருந்து அன்று மீட்டரில் நூற்றிருபத்தாறைத் தாண்டிய மூன்று பேர், அதற்குமேல் ஒளிக்க ஒன்றுமில்லை என்ற முகத்தோடு போனார்கள். செக்ரட்டரிக்கே இருக்கிறது என்றால் நமக்கு இருப்பதில் என்ன கேவலம் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கை எந்த சர்வேயும் கேட்டு வாங்க முடியாது.

ஆறேமுக்காலுக்கு நாற்பதாவது விரல் முடிந்தது. ஆறு ஐம்பதுக்கு முகிலனின் வண்டி திரும்பியது. அதன் பிறகு எங்களை யாரும் பார்க்கவில்லை.

மத்தியானம் மேடம் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். மீட்டரும் பழைய பதில்களும் சேர்ந்து ஒன்பது பேர். புதிதாக ஒப்புக்கொண்டவர்கள் மூன்று பேர். நாற்பதுக்குப் பன்னிரண்டு, நூற்றுக்கு முப்பது.

"இது நம்புற மாதிரி இருக்கு," என்றார். எனக்கு மூச்சு வந்தது. அவர் பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில், களத்தில் நடந்த விசேஷம் ஏதேனும் என்ற கட்டத்தில், பால் தாமதம் என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தேன்.

"பால் ஏன் தாமதம்?"

வண்டி பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே இரண்டு பொய்யான நம்பரைத் தெரியாமல் கொடுத்தவன் நான். மூன்றாவதைத் தெரிந்தே கெடுக்க மனம் வரவில்லை. முக்கிய பிஸ்கட்டிலிருந்து துப்பிய காபி வரை எல்லாவற்றையும் சொன்னேன். யார் வீட்டுக் காபி என்பதை மட்டும் சொல்லவில்லை.

மேடத்தின் பார்வை எனக்குப் பின்னால் இருந்த அலமாரிக்குப் போயிற்று. அதில் மற்ற டீம்கள் முடித்துக் கொடுத்த தெருக்களின் கட்டுகள் அடுக்கியிருந்தன.

"இந்த ஒரு தெருவுலதான் காபி குடிக்கிறாங்களா தினகரன்?"

"இல்ல மேடம்."

"மத்த தெருவுல எல்லாம் 'சாப்ட்டீங்களா'ன்னுதான் கேட்டிருப்பாங்க."

"அப்படித்தான் கேட்பாங்க மேடம்."

அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். கீழே டைப்ரைட்டர்கள் தட்டிக்கொண்டிருந்தன. "எல்லாத்தையும் திரும்ப எடுக்கணும். பாலை நிறுத்துற வேலையெல்லாம் இனிமே கூடாது. நாமதான் பாலுக்கு முன்னால போய் நிக்கணும். சொல்லாம போகணும். பால் எத்தனை மணிக்கு வருது?"

"அஞ்சு மணி மேடம். செலையூர் பக்கமெல்லாம் நாலரை."

"அப்போ நாலு மணிக்கு எழுப்பிடுங்க. உங்க கான்ட்ராக்டை ஒரு வருஷத்துக்கு நீட்டிக்க எழுதறேன். இந்த ரீடெஸ்ட் டீமுக்கு நீங்கதான் லீடர்." அவர் என் பயோடேட்டாவை எடுத்துப் பார்த்தார். "அந்த நேரத்துல வேலை பார்த்து அனுபவம் இருக்குன்னு நீங்களே போட்டிருக்கீங்க. மூணு வருஷம்."

வீட்டுக்குப் போனபோது மணி இரண்டரை. மாமா ராத்திரி ஷிப்ட் முடித்து, தூங்கி எழுந்து, ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேலை நிலைத்துவிட்டது என்று சொன்னேன். எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

"நாலு மணிக்கு அங்க நிக்கணும்னா ரெண்டரைக்கு எந்திரிக்கணும்," என்றார் மாமா.

"ஆமா."

"அது நைட் ஷிப்ட்டுடா."

"இல்ல மாமா. காலை வேலை. சீக்கிரம் ஆரம்பிக்குது, அவ்வளவுதான்."

"எங்க கம்பெனியில அதுக்குத் தனியா அலவன்ஸ் தர்றோம்," என்றார். பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "காலையில இருந்து எதாவது சாப்ட்டியா?"

நான் யோசித்தேன். இந்த மூன்று வாரத்தில் கற்றதை வைத்துச் சரியாகப் பதில் சொன்னேன்.

"டீ நாலு. பன் ரெண்டு. ஜாஸ்மின் கொடுத்த கடலை மிட்டாய் ஒண்ணு."

"அப்ப ஒண்ணுமே சாப்பிடல," என்றாள் அக்கா. தட்டை வைத்து, காலையில் மிஞ்சிய தோசை இரண்டைப் போட்டாள்.